யூரியாவை நிறுத்தினால் மட்டும் போதுமா?

விவசாய மாற்றத்தை உழைப்பாளி எப்படி மதிப்பிடுவது

(விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

ஆலைக்குப் புது மெஷின் வருகிறது. "உற்பத்தி பெருகும், எல்லோருக்கும் நன்மை" என்கிறார் மானேஜர். நாம் உடனே கைதட்டி விடுகிறோமா? இல்லை. நாலு கேள்வி கேட்கிறோம். ஒரு ஆள் எத்தனை மெஷின் பார்க்க வேண்டும்? எத்தனை பேர் வேலை இழப்பார்கள்? கூலி எவ்வளவு கூடும்? பஞ்சுத் தூசி குறையுமா, கூடுமா? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் மெஷின் நல்லதா கெட்டதா என்று அபிப்பிராயம் சொல்கிறோம். மெஷின் மேல் நமக்கு விரோதம் கிடையாது. கணக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கிராமத்திலும் ஒரு புதுப் பேச்சு வந்திருக்கிறது. இரசாயன உரமும் பூச்சி விஷமும் இல்லாத விவசாயம். இயற்கை விவசாயம் என்கிறார்கள், அங்கக விவசாயம் என்கிறார்கள், வேளாண் சூழலியல் என்கிறார்கள். மத்திய சர்க்கார் 2024 நவம்பரில் இதற்கென்று தேசிய இயக்கம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. 2,481 கோடி ரூபாய்த் திட்டம். ஒரு கோடி விவசாயிகளை எட்டுவது, ஏழரை லட்சம் ஹெக்டேரில் ஆரம்பிப்பது என்பது லட்சியம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தலைக்குப் பதினெட்டு சென்ட்டுக்குச் சற்று மேல் வருகிறது. சரி, சிறிதாகவே ஆரம்பிக்கட்டும். ஆனால் இந்தக் கணக்கில் விட்டுப்போனவர்கள் யார்?

2011 ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் சாகுபடியாளர்கள் ஏறத்தாழ 11 கோடியே 88 லட்சம் பேர். விவசாயத் தொழிலாளர்கள் 14 கோடியே 43 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் 42 லட்சம் பேர் என்றால், விவசாயத் தொழிலாளர்கள் 96 லட்சம் பேர். வயலில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு உழைக்கிறவர்கள். அப்படியானால் விவசாயம் மாறுகிறதா இல்லையா என்பதை இவர்களைக் கேட்காமல் எப்படித் தீர்மானிக்க முடியும்?

இந்த மாற்றம் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. முதலில் விஷம் ஏறுவது நம் உடம்பில்தான். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடிக்கப் போனவர்களில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்களில் பலர் அன்றாடக் கூலிக்கு முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு போனவர்கள். அந்த மாதிரி வயல்களின் பருத்திதான் ஆலையில் நம் கைக்குப் பஞ்சாக வருகிறது. பருத்திக் காட்டில் மருந்தடிக்கிறவரும் ஆலையில் நூல் நூற்கிறவரும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள்.

ஆகவே மாற வேண்டுமா என்பது இன்றைய கேள்வி அல்ல. ஒரு பண்ணை உண்மையில் மாறியிருக்கிறதா, எந்தத் திசையில் மாறியிருக்கிறது, யாருக்கு லாபமாக மாறியிருக்கிறது என்பதை எதைக்கொண்டு அளப்பது? அதுதான் கேள்வி.

தோழர்களே! உத்தரவு போட்டு மாற்றிவிடலாம் என்று நினைத்த ஒரு சர்க்காரின் கதையை முதலில் பார்ப்போம்.

இலங்கையில் 2019 தேர்தலில் கோத்தபாய ராஜபக்ஷ, பத்து ஆண்டுகளில் நாட்டை அங்கக விவசாயத்துக்குக் கொண்டுபோவதாக வாக்குறுதி கொடுத்தார். பத்து ஆண்டு என்றது நியாயமான பேச்சு. ஆனால் நடந்தது என்ன? அந்நியச் செலாவணி தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில், 2021 மே மாதம் இரசாயன உரம், பூச்சி மருந்து இறக்குமதியையே ஒரேயடியாகத் தடை செய்தார். பத்தாண்டு வேலை ஒரே பருவத்து வேலையாகச் சுருங்கிவிட்டது.

இதன் பலன் என்ன ஆகும் என்பதை ஒரு சிறு கணக்கிலேயே காட்டிவிடலாம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20 கிலோ 700 கிராம் இருக்கிறது. தொழுவுரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவுதான் நைட்ரஜன். அதே 20 கிலோ 700 கிராம் வேண்டுமானால் நாலு டன்னுக்கு மேல் எரு வேண்டும். அதிலும் முழுவதும் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். நாலு டன் எருவுக்கு மாடு எங்கே? குழி எங்கே? வண்டி எங்கே? அதை அள்ளிக் கொட்டுகிற ஆள் யார், அவருக்குக் கூலி யார் கொடுப்பது? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்தச் சர்க்காரிடம் பதில் தயாராக இல்லை.

2021–22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் ஏறத்தாழ பத்தில் நாலு பங்கு விழுந்தது. நவம்பரிலேயே தடையை விலக்கினார்கள். ஆனால் அதற்குள் நடவுக் காலம் வந்துவிட்டது, உரத்தின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோ. 2022இல் அது 25 கோடி கிலோவாகக் குறைந்தது. மலையகத்தில் கொழுந்து பறிக்கிற நம் தமிழ்ப் பெண்களுக்கு இதன் அர்த்தம் என்ன? குறித்த கிலோ பறித்தால்தான் அங்கே முழு நாள் கூலி. குறைந்தால் 'அரைப்பேர்' போடுவார்கள். உரம் இல்லாத செடியில் கொழுந்து எங்கிருந்து வரும்? உத்தரவு போட்டவர் பட்டினி கிடக்கவில்லை. கூடையைச் சுமந்தவர் பட்டினி கிடந்தார்.

"பார்த்தீர்களா, இரசாயனம் இல்லாமல் விவசாயமே இல்லை" என்று உரக் கம்பெனிகள் இதைப் பிடித்துக்கொண்டு பேசுகின்றன. அது தப்பு. இலங்கையில் தோற்றது ஏற்பாடில்லாத அவசரம். அங்கே மண் மாறவில்லை, விதை மாறவில்லை, கால்நடை பெருகவில்லை, விவசாயிக்குப் பயிற்சியும் கிடைக்கவில்லை. கடைக்கு மூட்டை வருவது மட்டும் நின்றது. மூட்டை நின்றதையே மாற்றம் என்று எழுதிக்கொண்டார்கள்.

இன்னொரு தீவிலும் மூட்டை நின்றது. அங்கே நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கியூபா சர்க்கரையை விற்று, எண்ணெயும் உரமும் டிராக்டர் சாமான்களும் வாங்கி விவசாயம் செய்த நாடு. 1989–91இல் சோவியத் யூனியனும் கிழக்கு ஐரோப்பிய சோஷலிஸ்ட் நாடுகளும் வீழ்ந்தபோது அந்த வியாபாரம் அற்றுப்போனது. 1962 முதல் இருந்துவந்த அமெரிக்க முற்றுகை 1992இல் இன்னும் இறுகியது. உரமும் பூச்சி மருந்தும் ஐந்தில் நாலு பங்கு குறைந்தன. எண்ணெய் ஏறத்தாழ பாதியாயிற்று. ஜனங்கள் மெலிந்தார்கள். அந்த வருஷங்களின் கஷ்டத்தை மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் செய்தது என்ன? முதலாவதாக நிலத்தைத் தொட்டார்கள். 1993 செப்டம்பரில் பெரிய சர்க்கார்ப் பண்ணைகளைப் பிரித்து, அங்கே வேலை செய்த தொழிலாளர்களின் கூட்டுறவுகளாக்கினார்கள். நிலம் சர்க்காருடையது, அனுபவிக்கும் உரிமையும் விளைச்சலும் கூட்டுறவினுடையது. 2008இல் தரிசு நிலங்களையும் சாகுபடி செய்ய முன்வந்தவர்களுக்கு அனுபவ உரிமையாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டாவதாக, டிராக்டர் நின்ற இடத்தில் காளைகளைப் பழக்கினார்கள். பத்து வருஷத்துக்குள் உழவு மாடுகளின் எண்ணிக்கை இரட்டிப்பாயிற்று. மூன்றாவதாக, பூச்சிகளைத் தின்னும் பூச்சிகளையும், பூச்சிகளுக்கு நோய் தரும் பூஞ்சைகளையும் வளர்த்துக் கொடுக்க நாடு முழுவதும் இருநூறுக்கு மேற்பட்ட சிறு நிலையங்களை நடத்தினார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறோம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கூன்வண்டு துளைக்கும். கியூபாவில் வாழைமட்டைத் துண்டுகளில் எறும்புகளைக் குடியேற்றி, அவற்றைத் தூக்கிவந்து கிழங்கு வயலில் வைப்பார்கள். வெயில் பட்டு மட்டை காய்ந்ததும் எறும்புகள் மண்ணுக்குள் இறங்கிப் புற்றுக் கட்டும். வண்டின் புழுவையும் முட்டையையும் வேட்டையாடும். இதில் பெரிய செலவு என்ன இருக்கிறது? ஆனால் எறும்பை எந்த நாளில் வைப்பது என்பது தெரிந்த ஆள் வேண்டும். டின்னிலிருந்து ஊற்றுவதற்குப் படிப்பு வேண்டாம், இதற்கு வேண்டும். கம்பெனி விற்ற இடத்தில் உழைப்பாளியின் அறிவு வந்து உட்கார்ந்தது.

நாலாவதாக, அந்த அறிவைப் பரப்பும் முறை. 1997இல் கியூபாவின் சிறு விவசாயிகள் சங்கம், விவசாயியிடமிருந்து விவசாயிக்கு என்ற இயக்கத்தைத் தொடங்கியது. தன் வயலில் செய்து பார்த்தவர், அடுத்தவரைக் கூப்பிட்டுத் தன் வயலையே காட்டுவார். சில நூறு குடும்பங்களோடு ஆரம்பித்தது, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு லட்சம் குடும்பங்களைத் தாண்டியது.

இன்றைய பேச்சுக்கு முக்கியமானது இனிமேல் வருவது. அந்தச் சங்கம் வெறும் பிரசாரத்தோடு நிற்கவில்லை, அளந்தது. பண்ணைகளை மூன்று படிகளாகப் பிரித்தது. இரண்டொரு முறைகளை மட்டும் கைக்கொண்டவை முதல் படி. பயிர், மரம், கால்நடை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்து நடத்துபவை மூன்றாம் படி. ஒரு மாகாணத்தில் இப்படி ஒப்பிட்டதில், படி உயர உயர ஏக்கருக்குக் கிடைத்த விளைபொருளின் மதிப்பு மட்டுமல்ல, ஒரு உழைப்பாளிக்குக் கிடைத்த மதிப்பும் உயர்ந்திருந்தது. 2008 செப்டம்பரில் ஐக் என்ற புயல் அடித்தபோது இன்னொரு கணக்கும் கிடைத்தது. பல பயிர் கலந்த பண்ணைகளில் சேதம் பாதி. ஒரே பயிர் போட்ட இடங்களில் சேதம் நூற்றுக்கு 90 முதல் 100.

கியூபா சொர்க்கமாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. இன்றும் அந்த நாடு தன் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. முற்றுகையும் எண்ணெய்ப் பஞ்சமும் தீரவில்லை. உள்ளூர் நிர்வாகத்தின் கோளாறுகளும் உண்டு. ஆனால் இரண்டு தீவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. மூட்டை நின்றது இரண்டு இடத்திலும்தான். நிலம், மாடு, அறிவு, அமைப்பு என்று நாலும் சேர்ந்து மாறிய இடத்தில்தான் விவசாயம் மாற ஆரம்பித்தது.

விஞ்ஞானிகளும் இதைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீபன் கிளீஸ்மன் ஐந்து படிகள் சொல்கிறார். ஒன்று, உரத்தையும் விஷத்தையும் வீணாக்காமல் குறைப்பது. இரண்டு, யூரியாவுக்குப் பதில் எரு, விஷத்துக்குப் பதில் வேப்பங்கொட்டைச் சாறு என்று சரக்கை மாற்றுவது. மூன்று, பண்ணையின் அமைப்பையே மாற்றுவது: நெல்லுக்குப் பின் உளுந்து, நடவுக்கு முன் தக்கைப்பூண்டு, வரப்பில் மரம், தொழுவத்தில் மாடு. தக்கைப்பூண்டின் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும். மடக்கி உழுதால் அது மண்ணுக்கு வந்துவிடும். நாலு டன் எருவைத் தலையில் சுமக்கிற வேலையில் ஒரு பகுதியைச் செடியே செய்துவிடுகிறது. நாலாவது படி, விளைவிப்பவரையும் சாப்பிடுபவரையும் நேராக இணைப்பது. ஐந்தாவது, உணவு ஏற்பாடு முழுவதையுமே நியாயத்தின் மேல் கட்டுவது.

நம் பக்கத்தில் 'இயற்கைப் பண்ணை' என்று பலகை மாட்டியிருக்கிற இடங்களில் பல, இரண்டாவது படியிலேயே நிற்கின்றன. கடையில் யூரியா மூட்டை வாங்கினவர், இப்போது அதே கடையில் உயிர் உரப் பாட்டில் வாங்குகிறார். கம்பெனியின் பெயர் மாறியது, பட்டுவாடா மாறவில்லை.

ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனமும் 2019இல் ஒரு அளவுகோல் தயாரித்தது. பண்ணை எந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்று முதலில் பார்த்து, பிறகு பத்து விஷயங்களை அளக்கச் சொல்கிறது: நிலத்தின் மீது உறுதியான உரிமை, உற்பத்தித்திறன், வருமானம், கூட்டிய மதிப்பு, பூச்சி விஷத்தின் பாதிப்பு, சாப்பாட்டின் வகை, பெண்களின் அதிகாரம், வாலிபர்களின் வேலை, உயிரினங்களின் வகை, மண்ணின் வளம். நல்ல பட்டியல் இது. விளைச்சலை மட்டும் பார்த்தால் போதாது என்பதை உலக ஸ்தாபனமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தப் பத்துத் தலைப்பில் 'கூலி' என்ற தலைப்பு ஒன்று இல்லை. பண்ணை நடத்துகிற குடும்பத்தை மையமாக வைத்த அளவுகோல் அது. அந்தப் பண்ணைக்குக் கூலி வேலைக்கு வருகிறவரை மையமாக வைத்த அளவுகோலை நாம்தான் சேர்க்க வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். களைக்கொல்லி வந்தபோது பெண்களின் களையெடுப்பு நாட்கள் போயின. களைக்கொல்லி நின்றால் அந்த நாட்கள் திரும்பி வரும். நல்லதுதான். ஆனால் என்ன கூலிக்கு வரும்? ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற பழைய கணக்கிலா? பல இடங்களில் உருளைக் களைக்கருவி வந்தவுடன் அதை ஆண்கள் கைக்குக் கொடுத்து, பெண்களை வரப்பில் நிறுத்தினார்கள். சாணமும் கோமியமும் கரைத்துக் கரைசல் தயாரிக்கிற வேலை வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. "செலவே இல்லாத விவசாயம்" என்று பேசும்போது, யாருடைய உழைப்பைச் செலவில் சேர்க்காமல் விட்டார்கள் என்று கேளுங்கள்.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "விளைச்சல் குறைந்து அரிசி விலை ஏறினால் எங்கள் கதி என்ன?" நியாயமான சந்தேகம். 115 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீடு 2014இல் வெளிவந்தது. அங்கக விவசாயத்தின் விளைச்சல் சராசரியாக நூற்றுக்கு 19 அளவுக்குக் குறைவு என்று அது கண்டது. பயிர் சுழற்சியும் கலப்புப் பயிரும் செய்த இடங்களில் அந்தக் குறைவு 8, 9 என்ற அளவுக்குச் சுருங்கியது. ஆகவே விளைச்சல் குறையவே குறையாது என்று சொல்பவர் பேச்சையும் நம்பாதீர்கள், நாடே பட்டினி கிடக்கும் என்பவர் பேச்சையும் நம்பாதீர்கள். இடைப்பட்ட இரண்டு மூன்று வருஷம் விளைச்சல் குறையும். அந்தக் குறைவை யார் தாங்குவது? உரக் கம்பெனிகளுக்குப் போகிற மானியத்தில் ஒரு பகுதியை மாறுகிற விவசாயிக்கும், வேலை நாள் உத்தரவாதமாகத் தொழிலாளிக்கும், நியாய விலைக் கடை வழியாக நகரத்து ஏழைக்கும் திருப்ப வேண்டும் என்பது நம் கோரிக்கை. இல்லாவிட்டால் சிறு விவசாயி கடனில் விழுவார், பணக்காரர் வீட்டுக்கு மட்டும் விஷமில்லாத அரிசி போகும், விஷமுள்ளது நமக்கு வரும்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு ஊர்க் கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஊரில் மாறியதாகச் சொல்லப்படும் ஒரு வயலையும், அதற்குப் பக்கத்தில் மாறாத ஒரு வயலையும் எடுத்துக்கொண்டு, இந்த ஏழையும் எழுதுங்கள்.

1. நிலம் யாருடையது? குத்தகை என்றால் எத்தனை வருஷத்துக்கு? அடுத்த வருஷம் வெளியேற்றப்படுவோம் என்று தெரிந்த குத்தகைதாரர், மூன்று வருஷம் கழித்துப் பலன் தரும் மண்ணில் எருவைப் போடமாட்டார்.

2. மண் எப்படி? ஒரு மண்வெட்டி ஆழம் வெட்டி எடுத்துப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்கிறதா, கட்டியாக நிற்கிறதா? மண்புழு எத்தனை? மழை பெய்தால் தண்ணீர் இறங்குகிறதா, தேங்குகிறதா? இதற்கு லாபரட்டரி வேண்டாம்.

3. மொத்த விளைச்சல் எவ்வளவு? நெல் மூட்டையை மட்டும் எண்ணாதீர்கள். உளுந்து, வைக்கோல், கீரை, பால், மீன் எல்லாம் சேருங்கள். ஒரு போகம் அல்ல, மூன்று வருஷம்.

4. வெளியே வாங்கிய சரக்குக்கு எவ்வளவு, கடன் எவ்வளவு?

5. மருந்து எத்தனை முறை அடித்தார்கள்? யார் அடித்தது? தலைசுற்றல், வாந்தி, கண்ணெரிச்சல் யாருக்கு வந்தது?

6. ஏக்கருக்கு மொத்தம் எத்தனை ஆள் நாள்? ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன கூலி? கூலி இல்லாத வீட்டு வேலை எத்தனை மணி நேரம்?

7. விளைந்தது எங்கே போனது? என்ன விலைக்கு, யாருக்கு?

இந்த ஏழில் இரண்டாவதும் ஐந்தாவதும் நன்றாக இருந்து, ஒன்றாவதும் ஆறாவதும் பழையபடி இருந்தால், மண் தேறியிருக்கிறது, உழைப்பாளி தேறவில்லை என்று எழுதுங்கள். மண் தேறியதும் வெற்றிதான், அதைக் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் பாதி வெற்றியை முழு வெற்றி என்று யாரும் நமக்கு விற்க விடக்கூடாது.

கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "இந்த வயலில் உரச் செலவு இவ்வளவு குறைந்தது, எங்கள் வேலை இவ்வளவு கூடியது, எங்கள் பங்கு எங்கே?" என்று எண்ணோடு கேளுங்கள். கிராம சபையில் வையுங்கள். ஆலைத் தோழர்கள் தங்கள் கூட்டுறவுப் பண்டகசாலையில் அந்த வயலின் அரிசியை நேராக வாங்க முடியுமா என்று யோசியுங்கள்.

ஒரு வருஷத்தில் முடிவு கட்டாதீர்கள். மண் மெதுவாகத்தான் மாறும். மூன்று வருஷம் பொறுமையாக எழுதுங்கள். வருகிற நடவுக்கு முன் நோட்டு வாங்கிவிடுங்கள்.